ஓர் இலையும் பல சுவைகளும்

சென்ற ஆண்டு ஒரு வலீமா விருந்தில் உணவு முடிந்ததும் கண்ணாடிக் குவளைகளில் ஸுலைமானி வந்தது. பால் கலவாத தேநீர். எலுமிச்சைச் சாறும் ஏலமும் சேர்ந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் மாணிக்கம் போல் சிவந்திருக்கும். இறைச்சிச் சோற்றுக்குப் பின் இதைப்போல் இதம் தருவது வேறில்லை. அருகிலிருந்த பெரியவர் ஒரு மிடறு பருகிவிட்டு, "ஸுலைமான் நபி (அலை) அவர்கள் விரும்பிப் பருகியதாம். அதனால்தான் இந்தப் பெயர். ஹஜ்ரத், கிதாபுகளில் இருக்குமே?" என்று என்னைப் பார்த்தார். சுற்றியிருந்த பிள்ளைகளும் என் முகத்தைப் பார்த்தார்கள். "அப்படி எந்தக் கிதாபிலும் நான் கண்டதில்லை" என்று மட்டும் சொன்னேன். பெரியவரின் முகம் சற்றே வாடிவிட்டது. விருந்து வீட்டில் விரித்துரைக்க இயலாததை இங்கே எழுதுகிறேன்.

ஸுலைமான் நபி (அலை) அவர்கள் வாழ்ந்த காலத்தில் அவர்களுடைய நாட்டில் தேயிலை என்ற ஒன்றே இல்லை. நபிமார்களின் பெயரைச் சேர்த்தால்தான் ஒரு பொருளுக்குப் பெருமை உண்டாகும் என்று எண்ணுவது நம்மிடையே பழகிப்போன ஒரு பிழை. பேரீச்சைக்கும் தேனுக்கும் சான்று உண்டு, சொல்லலாம். தேயிலைக்கு இல்லை.

எனினும் தேயிலையின் வரலாற்றில் வேறொரு ஸுலைமான் இருக்கிறார். கி.பி. 851இல், ஹிஜ்ரி 237இல், அரபு மொழியில் ஒரு சிறு நூல் எழுதப்பட்டது. சீனம், இந்தியா ஆகிய நாடுகளைப் பற்றிக் கடல் வணிகர்கள் கூறிய செய்திகளின் தொகுப்பு அது. அக்பாருஸ் ஸீன் வல் ஹிந்த் என வழங்குகிறது. நூலின் ஓரிடத்தில் ஸுலைமான் என்ற வணிகரின் பெயர் வருவதால் அதனை அவருடைய நூலாகவே நெடுங்காலம் கருதிவந்தனர். அவரே எழுதினார் என்பதை இன்றைய ஆய்வாளர்கள் உறுதியாக ஏற்பதில்லை. அந்நூலில், சீன மன்னரின் வருவாய்க்கு மூலமானவை எவை என்று கூறுமிடத்தில், உப்புடன் சேர்த்து ஒரு பூண்டும் குறிக்கப்படுகிறது. ஒவ்வொரு நகரிலும் அது பெரும் விலைக்கு விற்கப்படுகிறது. அதன் பெயர் 'ஸாக்'. கால்நடைத் தீவனமான குதிரைமசாலைவிட இலை மிகுந்தது, சற்று மணம் கூடியது, கசப்புடையது. தண்ணீரைக் கொதிக்கவைத்து அதன்மேல் ஊற்றிப் பருகுவார்கள் என்பது அதன் சாரம். சீனத்துக்கு வெளியே எழுதப்பட்டு இன்று நமக்குக் கிடைக்கும் தேயிலைக் குறிப்புகளில் மிகப் பழையவற்றுள் இது ஒன்று. நான் மதரஸாவில் பயின்ற நாளில் இந்த வரிகளை எனக்கு எவரும் காட்டவில்லை. பிற்காலத்தில் தற்செயலாகக் கண்டபோது நெடுநேரம் புத்தகத்தை மூடவில்லை.

ஸுலைமான் என்ற பெயரையும் ஸுலைமானி என்ற பெயரையும் முடிச்சுப்போட எவருக்கும் ஆசை வரும். எனக்கும் வந்தது. பெயர் ஒற்றுமையை அடித்தளமாக வைத்து வரலாறு கட்டக் கூடாது என்பதால் விட்டுவிட்டேன். என் கவனம் வேறொன்றில் நின்றது. அந்நூல் இலையின் விலையைச் சொல்கிறது, மணத்தைச் சொல்கிறது, கசப்பைச் சொல்கிறது. ஆனால் அரபு வணிகர் எவரேனும் அதைப் பருகினார் என்றோ, ஊருக்கு ஒரு மூட்டை எடுத்துச் சென்றார் என்றோ ஒரு சொல்லும் இல்லை. கான்ஃபூ என்று அரபிகள் அழைத்த காண்டன் துறைமுகத்தில் அந்நாளில் முஸ்லிம்கள் நிலையாகக் குடியிருந்தனர். அவர்களுடைய வழக்குகளைத் தீர்க்கச் சீன மன்னரே ஒரு முஸ்லிமை நியமித்திருந்தார் என்றும், பெருநாள் தொழுகையை அவரே நடத்தினார் என்றும் அதே நூல் கூறுகிறது. இவ்வளவு நெருங்கி வாழ்ந்தும் இலை கப்பல் ஏறிப் பேர் பெற்றதாகத் தெரியவில்லை.

அந்நூலுக்கு அடுத்த நூற்றாண்டில் தொடர்ச்சி எழுதியவர் ஸீராஃப் நகரின் அபூ ஸைத். ஹிஜ்ரி 264இல் கிளர்ச்சிக்காரர்கள் கான்ஃபூவைச் சூறையாடிய கொடுமையை அவர் விவரிக்கிறார். நகரத்து மக்களைத் தவிர, முஸ்லிம், யூதர், கிறிஸ்தவர், மஜூஸி என வெளிநாட்டார் மட்டும் 120,000 பேர் கொல்லப்பட்டனர் என்று எழுதுகிறார். தொகையை அப்படியே ஏற்பது கடினம். அழிவு பெரிது என்பதில் ஐயமில்லை. கிளர்ச்சிக்காரர்கள் முசுக்கட்டை மரங்களை வெட்டிவிட்டதால் அரபு நாடுகளுக்குப் பட்டு வருவது நின்றுபோயிற்று என்றும் அவர் வருந்துகிறார். பட்டுக்காக வருந்தியவர் தேயிலைக்காக வருந்தவில்லை. அதை இழப்பாக உணர அங்கே எவர் நாவும் பழகியிருக்கவில்லை.

இதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின் அல்பீரூனி வருகிறார். இந்திய நாட்டைப் பற்றிய அவருடைய பெருநூலை நம்மவர் அறிவர். வாழ்நாளின் இறுதியில் அவர் எழுதிய மருந்துப் பொருள் நூலான கிதாபுஸ் ஸைதனாவை அறிந்தோர் குறைவு. அதில் தேயிலைக்கு ஒரு பகுதி உண்டு. இலை ஒன்றுதான் என்று அவர் கடந்துபோகவில்லை. வெண்மை, பசுமை, கருமை என நிறத்தால் வகை பிரிக்கிறார். அவற்றுள் வெண்மையானதே சிறந்தது, அரியது, மணமுள்ளது என்கிறார். திபெத்தியர் அதனை விரும்பிப் பயன்படுத்துவதையும் குறிப்பிடுகிறார். தேயிலையில் சுவைபேதம் உண்டு என்பதை நம் அறிவு மரபில் எழுதிவைத்தவர் அவர். எழுதியது மருந்து நூலில் என்பதையும் மறக்கக் கூடாது. கடுக்காய்க்கும் ரேவல்சின்னிக்கும் பக்கத்தில்தான் தேயிலை அன்று உட்கார்ந்திருந்தது, அடுப்படிக்குள் வரவில்லை.

சீனர்களே அந்நாளில் எப்படிப் பருகினார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 8ஆம் நூற்றாண்டில் லூ யூ என்ற அறிஞர் தேயிலைக்கென்றே ஒரு நூல் எழுதினார். இலையை இடித்து அச்சில் அடைத்து வில்லைகளாகக் காயவைப்பார்கள். பருகும்போது வில்லையைச் சுட்டு, பொடித்து, உப்பிட்ட கொதிநீரில் போடுவார்கள். பொதுமக்களோ இஞ்சி, வெங்காயத்தாள், இலந்தை, ஆரஞ்சுத் தோல், புதினா எல்லாம் சேர்த்துக் காய்ச்சினார்கள். லூ யூவுக்கு அது பொறுக்கவில்லை. சாக்கடை நீருக்கு ஒப்பிட்டார். உப்பு ஒன்றைத்தான் அவர் அனுமதித்தார். பிற்காலத்தில் சீனர் அந்த உப்பையும் விட்டனர். 1391இல் மிங் பேரரசர் வில்லைத் தேயிலையைத் திறையாகப் பெறுவதை நிறுத்தியபின் இலையை அப்படியே வெந்நீரில் ஊறவைத்துப் பருகும் வழக்கம் ஓங்கியது. லூ யூவுக்குப் பிடிக்காத இஞ்சியும் புதினாவும் என்னவாயின? அவை வேறு நாடுகளில், அவர் கனவிலும் காணாத மக்களிடத்தில், திரும்பிவந்தன.

தேயிலை முதலில் நடந்தது தரைவழியே. சோங் அரசுக்குப் போர்க்குதிரைகள் தேவைப்பட்டன. மலைநாட்டாருக்குத் தேயிலை தேவைப்பட்டது. தேயிலை கொடுத்துக் குதிரை வாங்குவதற்கென்றே 1074இல் ஓர் அலுவலகம் ஏற்பட்டது. செங்கல் போல் அழுத்திய தேயிலை மலையேறிப் போயிற்று. குளிரில் வாழும் திபெத்தியர் உப்பையும் சமரி எருமையின் வெண்ணெயையும் சேர்த்துக் கடைந்து பருகினர். அவர்களுக்கு அது கஞ்சி போன்ற உணவு. காஷ்மீரத்தில் உப்பு நின்றது, வெண்ணெய்க்குப் பதில் பால் வந்தது. பச்சைத் தேயிலையைச் சோடா உப்புடன் நெடுநேரம் கொதிக்கவிட்டு, குளிர்ந்த நீரை ஊற்றி அடித்து ஆற்றினால் சாறு அடர்சிவப்பாகும்; பால் சேர்த்ததும் ரோஜா நிறம் கொள்ளும். அதுவே நூன் சாய். நூன் என்றால் உப்பு. விடியற்காலையில் தந்தூர் ரொட்டியுடன் காஷ்மீர முஸ்லிம் வீடுகளில் பருகுவது அது. நம் நாட்டவர் முதன்முறை பருகினால் ஏதோ தவறு நேர்ந்துவிட்டது என்றே எண்ணுவர். நானும் அப்படித்தான் எண்ணினேன். இரண்டாம் கோப்பையில்தான் சுவை புரிந்தது.

ஐரோப்பாவுக்குத் தேயிலைச் செய்தியைக் கொண்டுபோனவரும் ஒரு முஸ்லிம் வணிகரே. பாரசீகத்தின் கீலான் பகுதியைச் சேர்ந்த ஹாஜி முஹம்மது என்பவர் ரேவல்சின்னி விற்க வெனிஸ் நகருக்கு வந்தார். பயண நூல்களைத் தொகுத்துக்கொண்டிருந்த ரமூஸியோ என்ற அறிஞர் அவரை விருந்துக்கு அழைத்து, மொழிபெயர்ப்பாளர் துணையுடன் செய்தி கேட்டார். 'நீங்கள் ரேவல்சின்னியைப் பெரிதாக மதிக்கிறீர்கள். சீனத்தாரிடம் இன்னொரு பூண்டு இருக்கிறது. அதன் அருமை தெரிந்தால் நம் வணிகர்கள் ரேவல்சின்னியை விட்டுவிட்டு அதை வாங்கத் தொடங்குவார்கள்' என்ற கருத்துப்பட அவர் பேசினார். வெறும் வயிற்றில் சூடாக ஓரிரு கோப்பை பருகினால் காய்ச்சலும் தலைவலியும் வயிற்றுவலியும் நீங்கும் என்றார். அவர் சொன்னவை ரமூஸியோவின் நூலில் 1559இல் அச்சாயின. 'சாய்' என்ற பெயர் ஐரோப்பிய நூலில் ஏறியது அப்படித்தான்.

பெயரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. சீன எழுத்து ஒன்றே. வடக்கிலும் காண்டனிலும் அதை 'சா' என்பர், அமோய் கடற்கரையில் 'தே' என்பர். தரைவழி போன இலை 'சா' என்ற பெயரைச் சுமந்து பாரசீகத்தில் 'சாய்' ஆயிற்று. அந்த வல்லொலி அரபியில் இல்லாமையால் அங்கே 'ஷாய்' ஆயிற்று. டச்சுக்காரர்கள் அமோய் வணிகர்களிடம் வாங்கியதால் 'தே' கப்பலேறியது. ஆங்கிலேயர் வாயில் 'டீ' ஆயிற்று. ஆகவே ஒரு நாட்டின் வாய்ச்சொல்லைக் கேட்டே இலை எவ்வழி வந்தது என்று ஓரளவு ஊகிக்கலாம். அரபு உலகுக்குள்ளேயே இதற்குச் சான்று உண்டு. எகிப்தியர் 'ஷாய்' என்பர். மொராக்கோ நாட்டாரோ 'அத்தாய்' என்பர். ஐரோப்பியர் கப்பலில் வந்த இலை என்பதற்கு அந்தச் சொல்லே முத்திரை. நம் தமிழில் இரண்டும் இருக்கின்றன. தேயிலை, தேத்தண்ணீர் என்று இலங்கையிலும் நம் கீழைக்கரைப் பக்கத்திலும் சொல்வோம். மலையாள எல்லையோர ஊர்களில் சாயா என்போம்.

இனி, ஆயிரம் ஆண்டுக்காலம் அரபு நாட்டில் தேயிலை ஏன் குடியேறவில்லை என்ற கேள்வி. தொலைவும் விலையும் முதற்காரணம். மற்றொன்று, இருக்கை காலியாக இல்லை. 15ஆம் நூற்றாண்டில் யமன் நாட்டு ஸூஃபியாக்கள் இரவு வணக்கத்துக்கு விழித்திருக்கக் காப்பியைக் கைக்கொண்டனர். 'கஹ்வா' என்ற சொல் பழைய அரபுக் கவிதைகளில் மதுவைக் குறித்தது. அச்சொல்லே புதிய பானத்துக்கு வந்து ஒட்டிக்கொண்டதால் தொல்லையும் ஒட்டிக்கொண்டது. 1511இல் மக்காவில் அங்காடிக் கண்காணிப்பாளராயிருந்த காயிர் பேக் ஆலிம்களையும் மருத்துவர்களையும் கூட்டி அதற்குத் தடை வாங்கினார். காப்பிக்கொட்டை தெருவில் எரிக்கப்பட்டது. ஆனால் கெய்ரோவின் சுல்தானிடமிருந்து வந்த ஆணை, கூட்டங்களின் முறைகேட்டைக் கண்டித்ததேயன்றிப் பானத்தை முழுதாகத் தடுக்கவில்லை. காப்பி வென்றது. வென்றபின் அந்த இருக்கையில் வேறெதுவும் எளிதில் அமர முடியவில்லை. அமர்ந்தபோதும் காப்பியின் பெயரிலேயே அமர்ந்தது: ஈரானில் கஹ்வே கானா என்று பலகை தொங்கும், உள்ளே போனால் தேநீர்தான் தருவார்கள். காஷ்மீரத்தில் குங்குமப்பூ, ஏலம், இலவங்கப்பட்டை, பாதாம் சேர்த்த பச்சைத் தேநீருக்குக் கஹ்வா என்றே பெயர். ஈராக்கில் காய்ந்த எலுமிச்சையைத் தட்டிக் கொதிக்கவைத்து, தேயிலையே இல்லாமல், அதையும் சாய் என்கிறார்கள். சுக்கும் மல்லியும் போட்டுவிட்டுக் 'காப்பி' என்று சொல்லும் நாம் அவர்களைப் பார்த்துச் சிரிக்க இடமில்லை.

மொராக்கோவின் கதை தனியானது. 18ஆம் நூற்றாண்டில் அங்கே தேயிலை அரண்மனைப் பொருள். ஐரோப்பியத் தூதர்கள் சுல்தானுக்கு அன்பளிப்பாகக் கொண்டுவருவர். 1853 முதல் 1856 வரை நடந்த கிரிமியப் போரினால் வடக்கே ஆங்கில வணிகர்களின் சந்தை அடைபட்டது. விற்காத சரக்கைத் தன்ஜாவிலும் ஸுவைராவிலும் இறக்கினர். அது சீனத்துப் பச்சைத் தேயிலை, வெடிமருந்துக் குருணை போல் உருட்டியது. அடுத்த சில பத்தாண்டுகளில் அரண்மனையிலிருந்து அங்காடிக்கும், அங்காடியிலிருந்து பாலைவனக் கூடாரத்துக்கும் அத்தாய் பரவிவிட்டது. புதினாவையும் பிற தழைகளையும் வெந்நீரில் இட்டுப் பருகும் வழக்கம் அங்கே தேயிலைக்கு முன்பே இருந்தது. வந்த விருந்தாளியான இலையை அந்தப் பழைய பானைக்குள்ளேயே அவர்கள் இறக்கினார்கள். கூம்பு வடிவச் சர்க்கரைக் கட்டியைச் சிறு சுத்தியலால் உடைத்துப் போடுவார்கள். வீட்டுத் தலைவரே கெண்டியை உயரத் தூக்கி, நுரை பொங்கக் குவளைகளில் வார்ப்பார். குளிர்காலத்தில் புதினா குறையும்போது ஷீபா என்ற கசப்புத் தழை அதன் இடத்தைப் பிடிக்கும். மதீனா முனவ்வராவில் புதினா மணக்கும் தேநீரைப் பருகித் திரும்பிய நம் ஹாஜிகளுக்கு இந்தச் சுவையை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் எல்லாரும் மகிழ்ச்சியாகப் பருகிவிடவில்லை. தேயிலை ஆங்கிலேயனிடம், சர்க்கரை பிரெஞ்சுக்காரனிடம். வெள்ளைச் சர்க்கரையைத் தூய்மைப்படுத்த விலங்கு எலும்புக் கரியையும் இரத்தத்தையும் பயன்படுத்துகிறார்கள் என்ற செய்தி பரவியபோது, அது ஆகுமானதா என்று மார்க்கத் தீர்ப்புக் கேட்டு மக்கள் ஆலிம்களிடம் வந்தனர். எலும்புக்கரி பயன்பட்டது உண்மையே. பொருளின் தன்மை மாறிவிட்டது என்று அனுமதித்தவர்கள் உண்டு. பேணுதலுக்காகத் தேநீரையே விட்டவர்களும் உண்டு. இதனை வெறும் எலும்பு வழக்காகப் பார்ப்பது அரைகுறைப் பார்வை என்பது என் கருத்து. தினமும் மும்முறை பருகும் ஒரு குவளைக்கு இரண்டு அன்னிய நாட்டாரை எதிர்பார்த்து நிற்கிறோமே என்ற அச்சமும் அதற்குள் இருந்தது. 1912இல் மொராக்கோ பிரெஞ்சுப் பாதுகாப்பாட்சிக்குள் போனதைப் பார்க்கும்போது அந்த அச்சம் வீண் என்று சொல்ல மனம் வரவில்லை. ஈரானியர் வேறு வழி கண்டனர்: இந்தியாவில் தூதராயிருந்த காஷிஃபுஸ் ஸல்தனா 1900ஆம் ஆண்டையொட்டித் தேயிலைக் கன்றுகளைக் கொண்டுபோய் லாஹிஜானில் நட்டார். அவர் அடக்கமானதும் அங்கேதான். துருக்கியர் யமனை இழந்து காப்பி விலை ஏறியபின் கருங்கடல் கரையில் ரீஸெ மலைச்சரிவுகளில் தேயிலை பயிரிட்டனர். 1947இல் முதல் தொழிற்சாலை எழுந்தது.

இலங்கைக்கு வருவோம். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 1869இல் காப்பிச் செடிகளில் இலைத்துரு நோய் தோன்றி, அடுத்த இருபது ஆண்டுக்குள் காப்பித் தோட்டங்களை அழித்தது. 1883 ஜனவரியில் எகிப்தின் விடுதலை வீரர் அஹ்மத் உராபி பாஷா நாடுகடத்தப்பட்டுத் தோழர்களுடன் கொழும்பில் இறங்கியபோது, காப்பி செத்துக்கொண்டிருந்தது, தேயிலை முளைத்துக்கொண்டிருந்தது. பின்னர் அவர் வாழ்ந்த கண்டியைச் சுற்றிலும் மலைகள் நிறம் மாறின. 'முஸ்லிம் நேசன்' நடத்திய அறிஞர் சித்திலெவ்வை அவருடன் சேர்ந்து கல்விக்கு உழைத்ததும், 1892இல் ஸாஹிரா தோன்றியதும் நம் வாசகர்கள் அறிந்தவையே. 1901இல் பாஷா தாயகம் திரும்பினார்.

அந்த மலைகளின் நிறத்தை மாற்றிய கைகள் தமிழ்க் கைகள். காப்பிக்குப் பருவத்தில் வந்து திரும்பினால் போதும். தேயிலைக் கொழுந்துக்கு ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். ஆகவே இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சிப் பக்கங்களிலிருந்து குடும்பம் குடும்பமாகப் போய் லயங்களில் தங்கினர். நல்ல இலை சல்லடையில் பிரிந்து லண்டன் ஏலத்துக்குப் போனது. பறித்தவள் பருகியது வெறுந்தேத்தண்ணீர். கடித்துக்கொள்ள ஒரு துண்டுச் சர்க்கரைக்கட்டி, இல்லையேல் உள்ளங்கையில் சிறிது சீனி. 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 300,000 பேரை இலங்கைக்கு என்றும் பங்கிட்டது. திரும்பியவர்களுக்காக 1968இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. மறுபடியும் கொழுந்து கிள்ளினார்கள்.

நம் நாட்டில் சாதாரண மக்கள் தேநீர் பருகத் தொடங்கியது பழைய செய்தியன்று. 1903இல் தேயிலை ஏற்றுமதிமீது ஒரு வரி விதித்து அந்தப் பணத்தில் விளம்பரம் செய்தனர். அங்காடிகளிலும் இரயில் நிலையங்களிலும் இலவசமாக ஊற்றிக் கொடுத்தனர். கெண்டியில் அளந்து இலை போடு, பாலைத் தனியே வை என்று பாடமும் நடத்தினர். நம் கடைக்காரர் பாடத்தைக் கேட்டுக்கொண்டார். பிறகு பால், இலை, சீனி எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் கொதிக்கவிட்டு, இஞ்சியைத் தட்டிப் போட்டார். மசாலா சேர்த்தால் இலை குறைவாகச் செலவாகிறதே என்று விளம்பரக்காரர்கள் முறையிட்டனர். லூ யூவின் கோபம் வேறு காரணத்தோடு திரும்பியது. தோல்வியும் அதேபோல் திரும்பியது. இஞ்சியும் ஏலமும் நம் வீடுகளில் கஷாயமாக இருந்த பழைய சரக்குகள். இலை அன்னிய ஆட்சியின் வழியே வந்தது என்பதை மறுக்க வேண்டியதில்லை. குவளைக்குள் இருக்கும் மணம் எவரும் கப்பலில் கொண்டுவந்து இறக்கியதன்று.

சில வாரம் கழித்து அந்தப் பெரியவரைப் பள்ளிவாசலில் கண்டபோது இவற்றுள் சிலவற்றைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "அப்படியானால் அன்று நாம் குடித்தது எங்கிருந்து வந்ததாம்?" என்றார். விருந்து வீட்டுப் பண்டாரியிடம் நான் முன்பே விசாரித்திருந்தேன். இலை கூடலூர்த் தோட்டத்தது. ஏலம் இடுக்கி மலையது. எலுமிச்சை மணமகன் வீட்டுக் கொல்லையில் காலையில் பறித்தது.